பின்னறைக்கு விளக்கு வந்துவிட்டது

லாக்லன்,

பின்னறைக்குப் போய்ப் பார், விளக்கு தொங்குகிறது! "கூரையில வயரே இல்ல மெரில், எலக்ட்ரீஷியன் வராம ஒண்ணும் நடக்காது"ன்னு நேற்று கத்தினாயே. உத்தரத்தில் ஒரு கொக்கி திருகினேன். விளக்கின் வயரை அதில் மாட்டி, சுவரோரமாகக் கிளிப் அடித்து இறக்கி, கட்டிலருகே பிளக்கில் செருகிவிட்டேன். சுவிட்ச் வயரிலேயே இருக்கிறது. கொக்கியைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தேன், அசையவில்லை.

ஆறு மணி மெல்போர்ன் ரயிலில் உன் மகள் டெஸ் வருகிறாள். மறக்காமல் ஸ்டேஷனுக்குப் போ. போன தடவை, "அப்பா, உங்க புதுப் பொண்டாட்டி என்னை இருட்டு ஸ்டோர் ரூம்ல போட்டுட்டா"ன்னு பாதியிலேயே கிளம்பிப் போனவள். இந்த முறை படுத்தபடியே புத்தகம் படிக்கட்டும்.

ஃபிரிட்ஜில் ஆட்டுக்கறி ரோஸ்ட் இருக்கிறது, சூடு பண்ணினால் போதும். நான் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து காலையில்தான் வருவேன். அதுவரை நீங்கள் இருவரும் நிம்மதியாகப் பேசுங்கள்.

நேற்றுச் சண்டைக்கு மன்னிப்பெல்லாம் கிடையாது. முத்தம் உண்டு.

மெரில்

பி.கு.: பல்பு மாற்றினால் எல்.இ.டி.தான். ஷேடு காகிதம், குண்டு பல்பு சூட்டில் கருகிவிடும்.

இன்னொன்று: யார் மாட்டினது என்று டெஸ் கேட்டால், "உனக்காக அப்பாதான் மாட்டினேன்"னு தாராளமாகச் சொல்லிக்கொள். விழுந்தால் மட்டும் என் பேரைச் சொல்.