கத்தியை அவன் இழுத்தால்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. கேன்டீன் ஷெட்டுத் தகரம் ஓயாமல் படபடப்பு, நான் எண்ணுவது பின்வரிசைக்குக் கேட்கவில்லை. கராத்தே கிளாஸுக்குப் பத்தொன்பது பேர். ரப்பர் கத்தி நாலில் ஒன்று பிய்ந்துவிட்டது. வாங்க வேண்டியவை: கத்தி, துணி சோப், வெந்தயம், வீட்டுக்காரருக்கு முழங்கால் பட்டை.

எஸ்தர் அக்கா வரவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவை. எங்கள் பனியன் கம்பெனியில் நான் செக்கிங், அவர் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டைலர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. ஆனாலும் முதல் ஆளாய் வந்து தரையைக் கூட்டி வைப்பது அவர்தான்.

பாதி கிளாஸில் போன். அக்காவின் வீட்டுக்காரர் தங்கராஜ் அண்ணன், மங்கலத்தில் தறி ஓட்டுகிறவர். நேற்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, மண்ணரை போகிற சந்தில் பைக்கில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் இறங்கிக் கத்தியைக் காட்டிப் போனைக் கேட்டிருக்கிறான். அக்கா கொடுக்கவில்லை. கத்தி வைத்திருந்த கையைப் பிடித்திருக்கிறார். வலது உள்ளங்கை கிழிந்து ஆஸ்பத்திரியில்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பிடிச்சாளாம் மேடம்."

குறை சொல்லும் குரல் இல்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

கிளாஸை நான் முடித்தேனா, அவர்களாகவே கிளம்பினார்களா, ஞாபகமில்லை. வெந்தயம் வாங்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

அரை நாள் லீவ். ஆஸ்பத்திரிக்கு சாத்துக்குடி, ஒரு டம்ளர், பழைய துண்டு.

கை முழுக்கக் கட்டு, கம்பியில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் மடக்குகிற தசைநார் அறுந்து, ஆபரேஷனில் இழுத்துத் தைத்திருக்கிறார்களாம். நர்ஸ் சொன்னது.

அக்கா சிரித்த முகமாக இருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், எல்லோரும் வந்து கதை கேட்டுப் போகிறார்கள். கத்திக்காரனைக் கையால் பிடித்த பொம்பளை. அவனும் பயந்து பைக்கில் ஏறிப் போய்விட்டான், போன் அக்காவிடமே. எனக்காக முதலிலிருந்து சொன்னார். சொல்லும்போது இடது கை காற்றில் செய்து காட்டியது. விலகினது, மணிக்கட்டைப் பற்றினது, எல்லாம் சரி. நான் சொல்லித் தந்தபடி, அட்சரம் பிசகாமல்.

"பிடிச்சேம்லா மாஸ்டர். பிடி விழுந்துச்சு. திருப்புததுக்குள்ள படக்குன்னு உருவிட்டான். நான் எங்க தப்பு பண்ணேன்?"

நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க்கா என்றேன். அது நிஜம். சாத்துக்குடி உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

மேகம் மட்டும், மழை இல்லை. தண்ணீர் லாரி வரவில்லை.

இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. எனக்குத் தெரியும். மார்ச்சிலேயே தெரியும்.

மகளிர் தின விழாவுக்கு ஏதாவது விறுவிறுப்பாகக் கேட்டார் எச்.ஆர். மேடம். கத்தி பிடுங்குவது செய்யலாம் என்றேன். வீட்டு மொட்டை மாடியில் இவரைக் கத்திக்காரனாக வைத்துப் பழகினேன். குத்தினார், கையை நீட்டியபடியே நின்றார். விலகு, பிடி, திருப்பு, கத்தி கீழே. பார்க்க அவ்வளவு அழகு.

அப்புறம் இவர், நிஜத்தில எவன் இப்படி நிப்பான், இரு நான் பண்றேன் என்று குத்தின வேகத்திலேயே இழுத்தார். ரப்பர் என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு போனது. மறுபடி. மறுபடி. பத்துத் தடவையில் எட்டுத் தடவை கத்தி உருவிக்கொண்டு போனது. பதினைந்து வருஷம் பழகின என் கைக்கே அந்தக் கதி.

நான் சொன்னது: "குத்துன கைய அப்படியே வெச்சிருங்க. விழாவுக்கு அது போதுங்க."

விழா மேடையிலும் அப்படியே வைத்திருந்தார். கைதட்டல். வீடியோவைப் பார்த்துப் புதிதாகப் பத்துப் பேர் கிளாஸுக்கு. எல்லோருக்கும் அதுதான் வேண்டும். அதையே சொல்லித் தந்தேன், வாரா வாரம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு எஸ்தர் அக்கா கை தூக்கி, அவன் கத்திய பின்னால இழுத்தா என்ன செய்ய மாஸ்டர் என்று கேட்டார். ஷெட்டில் அதைக் கேட்டது அவர் ஒருத்தர்தான். இழுக்க விட்டாத்தானே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம், "நீ சொன்னேன்னு நானுந்தான நின்னேன்" என்றார். தட்டைக் கழுவ எழுந்துபோனார்.

சொல்லித் தந்திருக்க வேண்டியது:
– கேட்டதைக் கொடு. கையில் கொடுக்காதே, தள்ளி எறி. அவன் எடுக்கக் குனியும்போது எதிர்ப்பக்கம் ஓடு.
– டிபன் பை, ஹேண்ட்பேக், சேர், எது கிடைத்தாலும் நடுவில்.
– கத்து. பக்கத்தில் தெரிந்தவர் பேர் சொல்லிக் கத்து.
– பிடிப்பது, ஓட வழியே இல்லாதபோது மட்டும். ரெண்டு கையாலும், வெட்டுப்படும் என்று தெரிந்தே.

இதற்கெல்லாம் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

கிளாஸ் லீவ் விட்டேன். காய்ச்சல் என்று பொய்.

எச்.ஆர். மேடம் போன். 25ஆம் தேதி கம்பெனி விழாவில் எஸ்தர் அக்காவுக்குச் சால்வை. மேடையில் அக்கா பக்கத்தில் நான் நிற்க வேண்டும். நம் கம்பெனி டிரெய்னிங்தான் காப்பாற்றியது என்று வீடியோ. ஆர்டர் தருகிற வெளிநாட்டு பையர் வரும்போது காட்டலாமாம்.

சரிங்க மேடம் என்றேன். யோசிக்கும் முன்பே வந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

வேலை முடிந்து நேரே மண்ணரை, அக்கா வீட்டுக்கு. லைன் வீட்டில் நாலாவது கதவு. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ரெண்டு நாள். தங்கராஜ் அண்ணன் சோறு வடித்துக்கொண்டிருந்தார். டீ போட்டுத் தந்துவிட்டு வெளியே போனார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை மாடி, பத்தில் எட்டு, இவரை நிற்கச் சொன்னது, ஏப்ரலில் அவர் கேட்டதும் நான் சிரிக்கவைத்ததும். முடித்து, மன்னிச்சுருங்க்கா என்றேன்.

கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத ஏன் இப்பம் சொல்லுத?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வாரவ போறவ எல்லாம் தைரியசாலிங்காவ. எங்க வீட்டு மனுசன் இருபது வருசத்துல இப்பந்தான் என்னப் பத்தி நாலு பேருகிட்ட பெருமையாப் பேசுதாரு. விரல் முழுசா மடங்காதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. அந்தப் பேரு ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம். அதையும் எடுத்துட்டுப் போவத்தான் வந்தியா? உன் மனசு லேசாகட்டும்னா?"

மாஸ்டர் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

திரும்பும்போது பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். அவர் சொன்னது சரி. என் பாரத்தை இறக்கத்தான் போனேன். கை அடிபட்டவளிடமே இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

எச்.ஆர். மேடத்திடம் மேடையேற மாட்டேன் என்றேன். ஏன் என்றார். நான் சொல்லித் தந்தது தப்பு மேடம், அந்த மகளிர் தின வீடியோவை அழிச்சுடுங்க என்றேன். முகம் மாறிவிட்டது. அக்காவுக்குக் கிடைக்கிற மரியாதையை ஏன் கெடுக்கிறீர்கள் என்றார். அக்கா கேட்டது போலவே.

கிளாஸுக்குக் கேன்டீன் இனிமேல் கிடைக்குமா என்று பார்க்கலாமாம்.

தலைவலி. மாத்திரை ஒன்று.

ஜூலை 25, வெள்ளி

விழா. வெயிலும் காற்றும். பின்னால், பேக்கிங் பெண்களோடு நின்றேன்.

அக்கா ஊதாப் பட்டுச் சேலை, வலது கை கழுத்திலிருந்து தூக்குக் கட்டில். சால்வை போட்டார்கள். டிரெய்னிங் எப்படி உதவியது என்று மேடம் மைக்கைக் கொடுத்தார். இடது கையில் வாங்கிக்கொண்டார். கம்பெனிக்கு நன்றி சொன்னார், ஆண்டவருக்கு நன்றி சொன்னார். முடிந்தது என்று மேடம் கை நீட்டியபோது மைக்கைத் தரவில்லை.

"நான் பயப்படல. அது உண்ம. பிடிச்சேன், அதுவும் உண்ம. அதுக்கு மேல என்ன செய்யணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. போன் இருக்கு, இந்தா இடுப்புலதான் இருக்கு. கைதான் இல்ல. உங்ககிட்ட எவனாவது கேட்டான்னா குடுத்துட்டு ஓடிருங்க."

என் பக்கம் திரும்பவே இல்லை. கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமலே முதலில், அப்புறம் அதிகமாக.

தைரியசாலி என்ற பேரையும் அவர் விடவில்லை, பொய்யும் சொல்லவில்லை. என்னால் முடியாதது.

ஜூலை 27, ஞாயிறு

கேன்டீன் பூட்டு. நெருப்பெரிச்சல் ஊருக்குப் போகிற ரோட்டோரக் காலி மனையில் கிளாஸ். பதினொரு பேர். நடந்ததை எல்லோரிடமும் சொன்னேன், ஒன்றும் மறைக்காமல். மூன்று பேர் எழுந்து போனார்கள். அதில் ஒருத்தி, ஓடறதுக்கு எதுக்குங்க கராத்தே என்றாள்.

மீதி எட்டுப் பேருக்கு: செருப்பை உதறுவது, பையை எறிவது, ஓடுவது. சேலையோடு ஓடிப் பார்த்தால்தான் தெரிகிறது எவ்வளவு கஷ்டம் என்று. இவர் நிஜமாகவே துரத்தினார். மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார், முழங்கால்.

அக்கா வருவார் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஈரக் காற்று. ஷிப்மென்ட் அவசரம்.

எஸ்தர் அக்கா வேலைக்கு வந்தார். ஓவர்லாக்கில் அவர் இடத்தில் வேறு பெண். துணியை மெஷினுக்குள் தள்ளிக் கொடுக்க அந்த ரெண்டு விரலும் வேண்டும். அதனால் தைத்த பீஸ்களில் நூல் பிசிர் வெட்டப் போட்டிருக்கிறார்கள், என் செக்கிங் டேபிளுக்கு எதிரில். இடது கையில் கத்தரி. வலது கை துணியின் மேல் சும்மா கிடக்கிறது.

வணக்கங்க்கா என்றேன். தலையாட்டினார்.

அவரிடமிருந்து வந்த பீஸ்களில் நூல் அங்கங்கே நீட்டிக்கொண்டு. ஒன்றில் கழுத்துப்பட்டி ஓரம் நறுக்குப் பட்டிருந்தது. நூலையெல்லாம் நானே வெட்டிச் சரிபண்ணி பாஸ் அடுக்கில் வைத்தேன். நறுக்குப் பட்டதை மடித்து அடியில் செருகினேன். எவருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

எழுந்து வந்தார். அடுக்கின் அடியிலிருந்து அதை உருவி என் முன்னால் விரித்தார்.

"இது பாஸா?"

"இல்லீங்க்கா."

"அப்பம் திருப்பி அனுப்பு. இதுலயும் எங்கிட்டப் பொய் சொல்லாத."

போய் உட்கார்ந்துகொண்டார். மதியத்துக்குள் ஒன்பது பீஸ் அவருக்குத் திருப்பி அனுப்பினேன். மதியத்துக்கு அப்புறம் ஆறு பீஸ்தான்.