மூன்று ஊர் ஏரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கண்ணுக்கு மருந்தை வேளை தவறாமல் விடுகிறீர்களா?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பீர்களே, இங்கே மூன்று ஊர் ஒன்றுபட்டும் கூத்துத்தான். ஏரிக்கரையை மீட்கக் கூட்டுச் சேர்ந்து, நாற்று வளர்ப்பது ஓர் ஊர், நடுவது நான் வேலை பார்க்கும் இந்த ஊர், மதகைப் பார்ப்பது இன்னோர் ஊர் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு மாதம் முழங்கால் சேற்றில் நின்று நாணல் நட்டோம். வேர் பிடிக்குமுன் மதகை அடைத்துவிட்டார்கள். தண்ணீர் ஏறி, நாற்று அத்தனையும் மூழ்கி அழுகிவிட்டது.

போய்க் கேட்டால் மதகுக்காரர், "தண்ணி ஏத்தக் கூடாதுன்னு எனக்கு யாரும்மா சொன்னா?" என்கிறார். அடுத்தவர் சொல்லியிருப்பார் என்றே எல்லோரும் இருந்திருக்கிறோம். அங்கேயே சிரித்துவிட்டேன். அறைக்கு வந்த பிறகுதான் பூட்ஸைக் கழற்றக்கூட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி முதலிலிருந்து நட வேண்டும். எல்லோருக்கும் விடுமுறை ரத்து. உங்கள் கண் ஆபரேஷனுக்கு என்னால் வர முடியாதப்பா. சித்தப்பாவைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாணல் இலை கையைக் கீறுகிறது. உங்கள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். ஆணியில் தொங்குவதை அப்படியே மடித்து அனுப்பினால் போதும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்