கழிவுக் கிலோவும் நான்காம் வினாவும்

அனுப்புபவர்:
கணபதி லதுஷா,
தற்காலிகப் போதனாசிரியர் (அடிப்படைக் கணிதம்),
மலைச்சரிவு சமுதாயத் தொழிற்கல்லூரி,
பதுளை.

பெறுபவர்:
பணிப்பாளர்,
சமுதாயத் தொழிற்கல்லூரிகள் பிரிவு,
பதுளை.

ஊடாக:
திரு. சி. தர்மராசா, அதிபர், மலைச்சரிவு சமுதாயத் தொழிற்கல்லூரி.

விடயம்: நுழைவுத் தேர்வுக் கணிதத் தாளின் நான்காம் வினாவை மீளத் திருத்தி, ஒன்பது மாணவரை மின்னிணைப்புப் பாடநெறியில் சேர்த்துக்கொள்ள வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கல்லூரியில் இவ்வருடம் மே மாதத்திலிருந்து அடிப்படைக் கணித வகுப்பை நடத்தி வருகிறேன். நுழைவுத் தேர்வில் ஐம்பதுக்குக் குறைந்த புள்ளி பெற்றவர்கள், தாங்கள் விரும்பி வந்த பாடநெறிக்குப் போகும் முன் படித்துத் தேற வேண்டிய வகுப்பு அது. இம்மனுவில் நான் முறையிடுவது வேறு எவர்மீதும் அல்ல. அந்த வினாத்தாளைத் தயாரித்தவளும் திருத்தியவளும் நானே. இதை நேரில் சொல்ல இரண்டு தடவை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வெளியே போட்டிருக்கும் வாங்கில் சற்று நேரம் இருந்துவிட்டு, எவரிடமும் எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

2. முன்னைய வினாத்தாள்களில் புகையிரதத்தின் வேகமும் தண்ணீர்த் தாங்கியின் கொள்ளளவும்தான் கேட்கப்பட்டிருந்தன. எங்கள் கல்லூரிக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். நானும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவர்களுக்குப் பழக்கமான ஒரு கணக்காவது இருக்கட்டும் என்று எண்ணி நான்காம் வினாவை இவ்வாறு அமைத்தேன்: ஒரு பெண் தொழிலாளி காலையில் பதினேழு, பகலில் பதினெட்டு, மாலையில் பத்துக் கிலோ கொழுந்து நிறுத்தார். அவருக்கு அன்று கிடைத்த மொத்தக் கொழுந்து எவ்வளவு? நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய இருபது கிலோவுக்கு மேல் எவ்வளவு? ஒரு நிறுவைக்குச் சராசரி எவ்வளவு? மொத்தம் நாற்பத்தைந்து என்பதே என் விடை. மற்ற இரண்டு பகுதிகளும் அதிலிருந்தே வருவதால், அது பிழைத்தால் இருபது புள்ளிகளும் போய்விடும். இப்படி ஒரு கணக்கைச் சேர்த்ததற்காக அன்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

3. திருத்தும்போது சில தாள்களில் மொத்தம் முப்பத்தொன்பது என்றும், வேறு சிலவற்றில் முப்பத்தாறு என்றும் இருந்தது. ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள் ஒரே பிழையான விடையை எழுதியிருந்தார்கள். பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ஒன்பது தாள்களின் ஓரத்தில் "பார்த்து எழுதியிருக்கலாம்" என்று சிவப்புப் பேனையால் குறித்தேன். அவர்களில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுதுவதற்கு மட்டும் கூச்சம் வரவில்லை.

4. அந்தக் குறிப்பின் விளைவு நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. சில புள்ளிகளால் தவறியவர்களுக்கு ஒரு மாதத்தில் மறுதேர்வு வைப்பது கல்லூரியின் வழக்கம். பார்த்து எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு அது இல்லை. ஒன்பது பேரும் என் வகுப்புக்கே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் சேர வந்த மின்னிணைப்புப் பாடநெறி பக்கத்து அறையில் அவர்கள் இல்லாமலே ஆரம்பித்தது.

5. என் பிழை எனக்குத் தெரிய வந்தது சென்ற மாதம், வகுப்பில். கூட்டலுக்கு உதாரணமாக அதே கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டினேன். நாற்பத்தைந்து என்று எழுதி முடித்ததும் பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் சிவசக்தி என்ற மாணவி எழுந்து, "ஒண்ணுமில்லைங்க மிஸ். மிஸ்ஸோட கணக்கப்பிள்ளை ரொம்பத் தங்கமானவரு போல. ஒரு கிலோ கூடக் கழிக்காம அப்படியே போட்டுக் குடுக்கிறாரே, அந்தத் தோட்டத்துக்கு எங்கம்மாவையும் மாத்திக் குடுங்க மிஸ்!" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

6. தாங்கள் அறிந்திருக்கக்கூடும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் பாரத்துக்கும் இலையில் உள்ள ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு கழித்த பிறகே கணக்கப்பிள்ளை பேருக்கு நேரே பதிவார். ஒரு தோட்டத்தில் இரண்டு கிலோ, இன்னொன்றில் மூன்று. தராசு பதினேழு காட்டினால் கிடைப்பது பதினைந்து என்பது அந்தப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும். "கிடைத்த மொத்தக் கொழுந்து எவ்வளவு" என்று நான் கேட்டிருந்தேன். அவர்கள் கிடைத்ததைத்தான் எழுதினார்கள். இரண்டு கழிபடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முப்பத்தொன்பது. மூன்று கழிபடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முப்பத்தாறு. ஒருவரும் ஒருவரைப் பார்த்து எழுதவில்லை. அன்றே அதிபரின் அனுமதியுடன் தாள்களை எடுத்து மீண்டும் பார்த்தேன். சிலவற்றில் கழித்த இரண்டும் மூன்றும் ஓரத்தில் சிறிதாக எழுதப்பட்டே இருந்தன. என் சிவப்புக் குறிப்பு அவற்றுக்கு மேலேயே விழுந்திருந்தது.

7. இதில் என்னை அதிகம் வருத்துவது வேறு. என் அம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறார். மழைக்காலத்தில் மாலை வீட்டுக்கு வந்து கூடையை இறக்கும் முன்பே, "இன்னிக்கும் தண்ணிக்குன்னு சொல்லி மூணு புடிச்சிட்டான்" என்று அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே பாடம் படித்தவள் நான். பல்கலைக்கழகம் போய் வந்த சில வருடங்களில் அது எனக்கு மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். மறக்கவில்லை. கணிதத் தாளில் எழுதக்கூடிய விடயமாக எனக்கு அது தோன்றவில்லை. அவ்வளவுதான்.

8. ஒன்பது பேரில் சிவசக்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் பெற்றது நாற்பத்திரண்டு. நான்காம் வினாவுக்குரிய புள்ளி கிடைத்திருந்தால் அறுபத்திரண்டு. சாப்பாட்டு இடைவேளையில் அவள் பக்கத்து அறைக்குப் போய், மின்னிணைப்புப் பாடநெறியில் படிக்கும் றிப்காவுடன் உட்கார்ந்து கொள்வாள். றிப்காவின் தகப்பனார் பதுளை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஒரு நாள் மாடிப்படி விளக்கொன்றை மேலிருந்தும் கீழிருந்தும் அணைக்கும் இருவழி ஆளியின் இணைப்பை சிவசக்தி பலகையில் பூட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். றிப்கா என்னிடம், "மிஸ், இவதான் எனக்குச் சொல்லித் தார. கடைசீல சேர்ட்டிபிகேட் மட்டும் எனக்கு வரும். இது ஞாயமா மிஸ்?" என்று கேட்டாள். சிவசக்தி நிமிராமலே, "வாயை மூடிட்டு அந்தச் சிவப்பு வயரைப் புடி" என்றாள். இந்தப் பெண்ணுக்குத்தான் நான் அன்று காலை இரண்டு இலக்கக் கூட்டல் கற்பித்திருந்தேன்.

9. அடிப்படை வகுப்பைப் பற்றியும் தாங்கள் அறிய வேண்டும். அதற்குச் சான்றிதழ் இல்லை. அது பாடநெறிக் காலத்தில் சேராது. எனக்கு முன்னிருந்தவரின் காலத்தில் அதில் இருந்த இருபத்திரண்டு பேரில் ஆறு பேரே பிரதான பாடநெறி வரை போயிருக்கிறார்கள். மற்றவர்கள் கணிதம் வராமல் நின்றவர்கள் அல்லர் என்று இப்போது நம்புகிறேன். காத்திருந்து சலித்து நின்றவர்கள். சிவசக்தியின் தகப்பனார் அவளிடம், "ஆறாம் வகுப்புல படிச்ச கூட்டலைத் திரும்பப் படிக்கவா பஸ் ஏறிப் போற?" என்று கேட்டாராம்.

10. தீபாவளிக்கு ஊருக்கு வந்திருக்கும் அவளுடைய சித்தி, கொழும்பில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு இடம் பேசி வைத்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பும்போது சிவசக்தியும் உடன் போவதாக ஏற்பாடு. அதற்கு மறுநாள், பதினோராம் திகதி, மின்னிணைப்புப் பாடநெறியின் இரண்டாம் பகுதி ஆரம்பமாகிறது. அதன் பிறகு எவரையும் சேர்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, தாளில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "அப்ப நாங்க பாத்து எழுதலைன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. அது போதும் மிஸ்" என்றாள். போக வேண்டாம் என்றேன். "நீங்க சொன்னா இருக்கேன். ஆனா எங்கப்பாகிட்ட என்னான்னு சொல்லி இருக்கிறது?" என்று கேட்டாள்.

11. அதிபர் அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பிள்ளை, எனக்கு வடிவா விளங்குது. ஆனா வெளியிட்ட புள்ளியை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. நீர் மேலே எழுதும், நான் கையெழுத்து வைச்சு அனுப்புறன்" என்றார். அவருக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன்.

12. ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டால் இம்மனு நேர்மையானதாக இராது. என் வகுப்பில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டுக்குக் குறைந்தால் வகுப்பும் என் நியமனமும் நிறுத்தப்படும். ஒன்பது பேர் வெளியேறினால் என்ன ஆகும் என்பது அந்தச் சிரிப்பைக் கேட்ட அன்றே எனக்குத் தெரியும். எங்கள் லயத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். "புள்ள கொலேஜ்ல படிச்சுக் குடுக்குது" என்று அம்மா காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். தாள்களை மீண்டும் பார்த்த பிறகும் மூன்று வாரம் நான் பேசாமல் இருந்தேன். கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கூச்சம் மட்டும் அல்ல.

13. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது: முதலாவதாக, ஒன்பது தாள்களிலும் நான் எழுதிய குறிப்பை நீக்கி, அம்மாணவர் மீதான சந்தேகம் தவறானது என எழுத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டாவதாக, நான்காம் வினாவை என்னைத் தவிர்ந்த வேறொருவர் திருத்த வேண்டும். கழிவைக் கழித்துச் சரியாகக் கணித்தவர்களுக்கு முழுப் புள்ளியும் வழங்கி, பதினோராம் திகதியே அவர்களைப் பிரதான பாடநெறியில் சேர்க்க வேண்டும். அவ்வாறு செய்தால் ஒன்பது பேரும் ஐம்பதைத் தாண்டுகிறார்கள். தவறிய முதற்பகுதியை அவர்கள் பிடித்துக்கொள்ள, பாடநெறியுடன் கூடவே வாரத்தில் சில மணி நேர உதவி வகுப்பு வைத்தால் போதுமானது. மிகுதி ஐவருக்கும், வாசலில் நிறுத்தி வைக்காமல், உள்ளே சேர்த்துக்கொண்டு இதே உதவியை வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அந்த உதவி வகுப்பை வேறு எவர் நடத்தினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

14. ஒன்பது தாள்களின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன். இம்மனுவை ஒப்படைக்க நாளை காலை நானே வருவேன். இம்முறை வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பமாட்டேன். தாங்கள் ஒப்புதல் தந்தால் அங்கிருந்தே பஸ் ஏறி சிவசக்தியின் லயத்துக்குப் போக எண்ணியிருக்கிறேன். அவள் தகப்பனார் வேலை முடிந்து வரும்போது, மகள் ஏன் இங்கே இருக்க வேண்டும் என்பதற்குத் தங்கள் கையொப்பமிட்ட ஒரு வரி என் கையில் இருந்தால் போதும். மீதியை நான் பேசிக்கொள்வேன்.

தங்கள் முடிவை எதிர்பார்த்திருக்கும்,

க. லதுஷா

இடம்: பதுளை
திகதி: 2024.11.04