மரை கழண்டவருக்கு

இன்று காலை மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், ஒரு திருகாணி குறைகிறது என்றார். பரணிலிருந்த உங்கள் பழைய டின்னை எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷமாகியும் நான் அதைத் திறந்ததில்லை. திறந்தால் கிரீஸ் வாடை வரும், வந்தால் அழுவேன், அவ்வளவுதான் காரணம். அவர் எல்லாவற்றையும் தரையில் கொட்டினார். துருப்பிடித்த நட்டுகளுக்கு நடுவே மஞ்சள் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று உருண்டு வந்தது.

"என்னாம்மா இது, பீங்கான்ல போல்ட்டு? இது எதுக்கு ஆவும்?" என்றார் அவர்.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பத்தாவது போல்ட்! லாரியில் தொலைந்துபோய்விட்டது என்று என் தலையிலடித்துச் சத்தியம் செய்தீர்களே, அதே பத்தாவது.

அந்த மங்கலம்பேட்டை ஜவுளிக்கடை பாயின் கார் நினைவிருக்கிறதா என்று உங்களைக் கேட்பதே தப்பு. அவருடைய அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கிய கார். பேத்தி இந்தக் காரில்தான் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர். நிக்காஹுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அது நம் கார் பட்டறைக்கு வந்தது. அதற்கு முன்னால் கை வைத்த ஆள் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு ஓடியிருந்தான். எஞ்சின் தலையை இறுக்கிப் பிடிக்கும் எட்டு போல்ட்டில் ஏழைக் காணோம்.

"முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க மேஸ்திரி. பழைய இரும்புக்காரன் ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டுப் போயிட்டான்" என்றார் பாய்.

நீங்கள் தெருவே கேட்கும்படி, "பொண்ணு இதுலதான் போவும் பாய். நானே ஓட்டிட்டு வரேன்" என்றீர்கள். எனக்குத் திக்கென்றது. வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்!

ஏழு போல்ட்டுதானே என்று நினைத்தோம். அப்போதுதான் அளவெல்லாம் மில்லிமீட்டருக்கு மாறியிருந்தது. கடலூர், திருச்சி, எந்தக் கடைக்குப் போனாலும் புது மரைதான். அந்தக் காருக்கோ பழைய அங்குல மரை. தடிமன் ஒத்துப்போனால் மரை ஏறாது, மரை ஏறினால் நீளம் போதாது. சோற்றுத் தட்டு முன்னாலும் கையில் அந்த ஒற்றைப் போல்ட்டை வைத்து உருட்டிக்கொண்டிருந்தீர்கள். மரை மரை என்று அலைந்து இவருக்கே மரை கழண்டுவிட்டது என்று தெருவில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

யோசனை என்னுடையது. பீங்கான் பட்டறையில் அச்சுப் பிரிவில் இருபது பெண்களுக்கு நான் மேஸ்திரி. மாதிரிக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு போல்ட்டு. அதை ஒரு ஊருக்குத்தான் கொண்டுபோக முடியும். நான் அதற்குப் பிளாஸ்டரில் அச்செடுத்து, மண்ணைக் கரைத்து ஊற்றி, சூளையில் வேகவைத்துப் பத்து போல்ட் செய்தேன். வெள்ளை வெளேரென்று முத்துப் போல இருந்தன. வேப்பூரில் சாப்பாட்டுக்கு நிற்கும் லாரிக்காரர்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தீர்கள். மதுரை, சேலம், மெட்ராஸ் என்று போகிற ஊரிலெல்லாம் பழைய இரும்புக் கடையில் ஒத்துப் பார்த்து வாங்கி வரச் சொன்னீர்கள்.

மூன்று வாரத்தில் ஒரு கூடை போல்ட் வந்து சேர்ந்தது. முதல் போல்ட்டை எடுத்துத் துளையில் வைத்தீர்கள். திருகாமலேயே உள்ளே போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வெந்தால் மண் சுருங்கும். பத்து விரற்கடை வைத்தால் ஒன்பதுதான் மிஞ்சும். "சுருங்குறதுக்குச் சேத்து வைங்கடி" என்று நாள் முழுக்கப் பெண்களிடம் கத்துகிறவள் நான்! லாரிக்காரர்கள் திருப்பிக் கொடுத்த ஒன்பது பீங்கான் போல்ட்டையும் அம்மிக்கல்லில் போட்டு நொறுக்கினேன். பத்தாவதைக் கேட்டபோதுதான் நீங்கள் அந்தப் பொய்ச் சத்தியம் செய்தீர்கள்.

அன்று சாயங்காலம் பாய் வந்தார். நிக்காஹுக்குப் பதினெட்டு நாள். "என்னங்க ஆச்சு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "அளவுல நான்தான் தப்புப் பண்ணிட்டேன் பாய்" என்றீர்கள். அவர் அப்படியே திரும்பிப் போனார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என் தப்ப நீங்க ஏன் வாங்கிக்கிறீங்க?" என்று சண்டைக்கு வந்தேன். நீங்கள் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "சண்ட அப்புறம் போடலாம் புள்ள. மண்ணு சுருங்கும், சரி. அந்த அச்சு சுருங்குமா?" என்றீர்கள்.

சுருங்காது. பிளாஸ்டருக்கு ஏது வேக்காடு! பீங்கான் போல்ட்டை அனுப்புவதற்குப் பதில் அச்சையே அனுப்பியிருக்க வேண்டும். அன்றே உட்கார்ந்து, சோப்புக்கட்டி அளவில், பாதிப் போல்ட் படுக்கிற பள்ளத்தோடு பதினைந்து அச்சு வார்த்தேன். போல்ட்டை இதில் படுக்க வைக்க வேண்டும், மரைக்கு மரை இடைவெளியில்லாமல் உட்கார்ந்தால் வாங்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். திரும்பவும் வேப்பூர், திரும்பவும் லாரி.

பன்னிரண்டாம் நாள் சேலத்து டிரைவர் ஒருவர் துண்டில் முடிந்து ஒன்பது போல்ட் கொண்டுவந்தார். மூடிப்போன ரைஸ்மில்லில் கிடந்த பழைய சீமை ஆயில் எஞ்சினிலிருந்து கழற்றியதாம். நீளம்தான் கொஞ்சம் அதிகம். அறுத்துச் சரிசெய்து, மண்ணெண்ணெயில் கழுவி, துளையில் வைத்துத் திருப்பினீர்கள். ஏறியது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஏறியது. "ஏறுது புள்ள, ஏறுது!" என்று நீங்கள் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்தார்.

நிக்காஹ் அன்று பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் உட்கார, நீங்கள் ஓட்டினீர்கள். கடைத்தெருவே திரண்டு நின்றது. இறங்கியதும் பாய் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதார். "எங்க அத்தாவோட கடைசி வார்த்தையக் காப்பாத்திட்டீங்க மேஸ்திரி" என்றார். நீங்கள் அத்தனை பேர் முன்னால் என்னைக் கைகாட்டி, "போல்ட்டு புடிச்சது நான் இல்ல பாய். எங்க வூட்டுல" என்றீர்கள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேனே தவிர, உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

தப்பை உங்கள் பெயரில் வாங்கிக்கொண்டீர்கள், பெருமையை என் பெயரில் கொடுத்தீர்கள். இதற்காகவும் உங்களோடு சண்டை போட வேண்டும் என்றிருந்தேன். மறந்துபோனேன்.

எலக்ட்ரீஷியன் இன்னும் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். "எந்த நட்டும் சேராது போலருக்குதே. தூக்கிப் போட்டுடவாம்மா?" என்றார். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். சுற்றியிருந்த மஞ்சள் துணி, நிக்காஹ் அன்று காரைத் துடைத்த துணி. ஊர் உங்களை மரை கழண்டவர் என்றது. நான் உடைக்கத் தேடியதை இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்தவரை வேறு என்ன சொல்வது?

இப்போது அது என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. அளவில்தான் சுருங்கியிருக்கிறது. மரை அப்படியே இருக்கிறது.