மூன்று வீட்டுக்கும் ஒரே புகைக்குழாய்

அன்பு மகன் தோக்தோசுனுக்கு, நம் மலையூர் நாரினிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மாஸ்கோவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வேண்டும். என் எழுத்துகளைப் பார்த்துச் சிரிக்காதே. ஒன்று மேட்டில் மேய்கிறது, ஒன்று பள்ளத்தில் படுத்துக்கிடக்கிறது. இந்த வயதில் எழுதப் பழகிய கை, ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது, ஆனாலும் என்ன சந்தோஷம் தெரியுமா!

மின்சாரம் போனால் குளிருக்கு மாற்று ஏற்பாடு வேண்டும், இல்லையென்றால் இருவரையும் மாஸ்கோவுக்கு அழைத்துப் போய்விடுவேன் என்று நீ தொலைபேசியில் சொன்னாய் அல்லவா, அன்றே அம்மா அழுதுகொண்டே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு இந்த ஊரை விட்டு வர மனமில்லை. அதனால் நம் அடுக்குமாடி வீட்டின் கூடத்துக்குள்ளேயே, மேய்ச்சலுக்குப் போகும்போது போடும் கம்பளிக் கூடாரத்தைப் போட்டு, நடுவில் இரும்பு அடுப்பை வைத்தேன். அம்மா, "புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வீட்டுக்குள்ள யாராச்சும் வீடு கட்டுவாங்களா?" என்றாள். அது பரவாயில்லை, புகைக்குழாய்தான் சிக்கல். கூடாரம் என்றால் குழாய் உச்சி வளையம் வழியாக நேரே மேலே போக வேண்டும், நம் ஏழு தலைமுறையில் யாரும் அதைப் பக்கவாட்டில் விட்டதில்லை. நேரே மேல் மாடியில் கெங்கேஷ் வீடு. போய் உட்கார்ந்து, ரொட்டி சாப்பிட்டு, தேநீர் குடித்து, பிறகு மெல்லக் கேட்டேன். "பெரியவரே, என் தரையில ஓட்டை போடணும்னு கேக்கத்தான் இவ்வளவு நேரம் என் ரொட்டியத் தின்னீங்களா?" என்று கத்தினான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சூடான குழாயா? அப்ப என் கட்டில் பக்கமா விடுங்க" என்றான். கூடாரத்தை அவன் கட்டிலுக்கு நேர் கீழே நகர்த்தினேன். அவனுக்கும் மேலே இருக்கும் புருல்கான் அம்மாள் விடுவாளா? தான் மாவு பிசையும் இடத்தில்தான் குழாய் வர வேண்டும் என்றாள். மறுபடியும் நகர்த்தினேன். மேய்ச்சல் காலத்தில்கூட நான் இத்தனை முறை இடம் மாறியதில்லை. கடைசியில் இரண்டு வீட்டுத் தரையிலும் ஓட்டை போட்டு, குழாயைக் கூரைக்கு மேலே விட்டோம். கூடாரம் வழியை அடைத்துக்கொண்டதால், இப்போது அம்மா சமையலறைக்குத் தவழ்ந்துதான் போகிறாள்.

போன வாரப் பனிப்புயலில் மின்சாரம் போயே போய்விட்டது. நான் காய்ந்த சாண வறட்டியைப் போட்டு அடுப்பை மூட்டினேன். மூன்று வீடும் கதகதவென்று ஆயிற்று! கெங்கேஷ் குழாயில் காலுறை காயப்போட்டான். சூடு குறைந்தால் புருல்கான் அம்மாள் கரண்டியால் குழாயைத் தட்டுகிறாள், நான் இன்னொரு வறட்டி போடுகிறேன். புகை தங்காமலிருக்க ஜன்னலை ஒரு விரல் திறந்தே வைக்கிறேன், நீயும் அடுப்பு மூட்டினால் இதை மறக்காதே.

மின்சாரம் வந்துவிட்டது, ஆனால் அடுப்பை அணைக்க யாரும் விடுவதில்லை. மகன் எங்களை அழைத்துப் போக வருவான் என்று சொல்லிப் பார்த்தேன். புருல்கான் அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "வரட்டும் உங்க பையன்! உங்களக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, உங்களுக்குப் பதிலா அடுப்பு முன்னாடி அவன் உக்காரட்டும்" என்றாள். கெங்கேஷும் தலையாட்டினான். அதைக் கேட்டதும் அம்மா பெட்டியைப் பிரித்துத் துணிகளை எல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டாள்.

அதனால் மகனே, எங்களுக்குப் பயணச்சீட்டு வாங்காதே. நீ மட்டும் வா. இரண்டு வறட்டி போடுவதற்குள் திரும்பிப் போகலாம் என்று மட்டும் நினைக்காதே, இந்த மூன்று வீட்டாரும் விடமாட்டார்கள். குல்லாய் இல்லாமல் வெளியே போகாதே. ஆண்டவன் உன் நெஞ்சையும் கை கால்களையும் சூடாக வைத்திருக்கட்டும். விரல் வலிக்கிறது, அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன்.

உன் அப்பா எர்கெபாய்
(யாரும் எழுதித் தரவில்லை, முழுவதும் நானே)