வெறுங்கையால் பிடித்த பந்து

எர்லாங்கன், மேற்கு ஜெர்மனி,
14.5.1968

சௌபாக்கியவதி கிரிஜாவுக்கு,

அநேக ஆசிகள். நான் சௌக்கியம். உன் இருமல் நின்றதா? அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கச் சிப்பாய்கள் ஆடும் பேஸ்பாலை வேடிக்கை பார்க்கப் போனேன். வால்டர் என்பவன் எறிந்த பந்து குறி தப்பி என் பக்கம் வந்தது. கிரிக்கெட் பழக்கத்தில் வெறுங்கையால் பிடித்துவிட்டேன். அவர்கள் தோல் உறை மாட்டிக்கொண்டுதான் பிடிப்பார்களாம். விரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

வால்டர் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வீடு வரை வந்தான். அமெரிக்காவில் சம்பளத்துக்குப் பந்து எறிகிறவன். கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்களாம். "முன்னெல்லாம் என் பந்து தப்பாது. இரண்டு வருஷம் கழித்துப் போனால் என் இடத்தில் வேறொருவன் நிற்பான்" என்றான். நானும் இரண்டு வருஷத்துக்குத்தான் வந்திருக்கிறேன், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவைத்தேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. தபால் எடுக்கும் நேரம், நிறுத்துகிறேன்.

இன்னொன்று. தையல் மெஷினுக்கு இடம் வேண்டி என் மேஜையை மாடிக்கு ஏற்றிவிட்டதாக எழுதியிருந்தாய். அதைக் கீழே இறக்கி, இருந்த இடத்திலேயே போட்டுவிடு.

சேஷாத்ரி