என் வள்ளத்தைத் திருப்பிய அப்புவுக்கு

என் அன்பான அப்பு,

நீங்கள் கண்ணை மூடி நேற்று முப்பத்தோராம் நாள். தீவே நம் வீட்டு முற்றத்தில் இருந்து சாப்பிட்டது. உங்கள் பெயரில் கல்வெட்டு என்று நினைவுப் பாட்டுப் புத்தகம் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் கரையில் நின்று ‘தீவினைக் காத்த தீரர்’ என்று வாத்தியார் அதில் பாட்டுக் கட்டியிருக்கிறார். தீவைக் காத்தவர் என்றுதான் அவர் எழுதினார். என் கண்ணுக்குத் தீவினை என்பது பாவமாகத்தான் தெரிந்தது.

யாரிடமிருந்து காத்தீர்கள் என்று பாட்டில் இல்லை. அதை நான் எழுதுகிறேன். பாட்டை வாசித்தவர்கள் இதையும் வாசிக்கட்டும்.

அந்த மார்கழியில், நான் வாழ்க்கைப்பட்ட அரியாலையில் பேதி பரவியது. வீட்டுக்கு வீடு பிணம். மாமி போய்ச் சேர்ந்த அடுத்த நாள், “அப்புவிட்டைப் போவம், அங்கை நல்ல தண்ணி இருக்கு” என்று நான்தான் சொன்னேன். உங்கள் மருமகன் அப்போது நல்ல சுகமாகத்தான் இருந்தார். விடியற்காலையில் வள்ளத்தில் பாய் விரித்தோம். பிள்ளையைப் பனையோலைக் கடகத்துக்குள் பழஞ்சேலை போட்டு இருத்தியிருந்தேன். மங்கை. நீங்கள் ஒருமுறையும் தூக்காத உங்கள் பேத்தி.

புங்குடுதீவு தாண்டி வெளிக்கடலுக்கு வந்ததும் அவருக்குச் சத்தி தொடங்கியது, வாயாலும் வயிற்றாலும் போனது. இரண்டாம் முறை எடுத்தபோது சுக்கான் கையிலிருந்து நழுவியது. ஆளும் வள்ளத்தின் அடியில் சரிந்தார். நான் சுக்கானைப் பிடித்தேன். உங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாத குறைக்குச் சின்ன வயதில் என்னைத்தானே வள்ளத்தில் ஏற்றினீர்கள்? அது அன்று உதவியது.

மழை மூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடியது. பின்னால் விட்ட கரையும் இல்லை, முன்னால் தீவும் இல்லை. வாடைக்காற்றை வலது காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விட்டேன். காற்று காதை விட்டு விலகினால் சுக்கானைத் திருத்துவேன். ஒரு கையில் பாய்க்கயிறு அறுத்தது. பிள்ளை அழுதபோது காலால் கடகத்தை ஆட்டினேன். அவர் தண்ணீர் கேட்டார், கொண்டுவந்தது முடிந்திருந்தது.

பிறகு கடலின் கறுப்பு மாறிப் பச்சை தெரிந்தது. மூட்டத்தின் கீழ்விளிம்பில் பனைகளின் தலைகள் தெரிந்தன. அப்பு, எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கோயில் ஆலமரமும் மடத்து மதிலும் ஒரே நேரில் வரும்வரை காத்திருந்து, நீருக்குள் கிடக்கும் கற்பாரின் இடைவெளிக்குள் வள்ளத்தைச் செலுத்தினேன். ஒரு கல்லிலும் உரசவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், என் பிள்ளை கெட்டிக்காரி என்று சொல்வீர்கள் என்றுகூட நினைத்தேன்.

நீங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள். உங்களோடு பத்துப் பதினைந்து ஆண்கள், கையில் கம்புகளோடு.

“ஆர் வள்ளம்?”

“நான்தான் அப்பு, இராசம்மா.”

“இறங்காதை! உள்ளுக்கை ஆர் படுத்திருக்கிறது?”

“இவர்தான். காலமை துவங்கினது, சத்தி.”

கரையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். நீங்கள் அசையவில்லை. “திருப்பு, பிள்ளை” என்றீர்கள்.

“எதிர்க்காத்திலை நான் தனிய எப்பிடித் திரும்புறது?”

“திருப்பு எண்டு சொன்னனான்.”

“சரி, நாங்கள் போறம். பிள்ளையை மட்டும் எடுங்கோ. அவளுக்கு ஒண்டும் இல்லை அப்பு. பாருங்கோ, சிரிக்கிறாள்.”

கடகத்தை உயர்த்திப் பிடித்தேன். அவள் சிரித்தாள்தான். அம்மா மணலில் ஓடி வந்தா. இரண்டு பெண்கள் அவவைக் கட்டிப் பிடித்தார்கள். நீங்கள் மட்டும் கடலுக்குள் இறங்கினீர்கள். வாங்க வருகிறீர்கள் என்று கையை இன்னும் நீட்டினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கம்பை வள்ளத்தின் முன்புற அணியத்தில் ஊன்றி, முழுப் பலத்தோடு தள்ளினீர்கள்.

“இஞ்சையும் பிள்ளையள் இருக்குதுகள்” என்றீர்கள். அவ்வளவுதான்.

பிறகு கரையில் நின்ற ஒருவனிடம், ஒரு குடம் தண்ணீரைக் கல்லில் வைத்துவிட்டு ஒதுங்கச் சொன்னீர்கள். நாய்க்கு வைப்பதுபோல. எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்வது?

காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து போய்ப் பார்த்தேன். வள்ளம் முன்னேறவில்லை. ஆளில்லாத ஒரு மணல்திட்டில் ஏறினோம். மறுநாள் பிள்ளைக்கும் தொடங்கியது. வெயில் சாயும் முன் முடிந்துவிட்டது. குடத்துத் தண்ணீர் அவள் வயிற்றில் தரிக்கவில்லை. அதே தண்ணீர் அவரைப் பிழைக்க வைத்தது. மணலைக் கையால் தோண்டினேன். தோண்டத் தோண்ட உப்புத்தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஈரத்தில்தான் அவளை வைத்தேன்.

தீவில் ஒருவர்கூடச் சாகவில்லை. அன்று கரையில் நின்றவர்களின் பிள்ளைகள்தான் நேற்று எனக்குப் பந்தி பரிமாறினார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களைப் பார்க்கப் பார்க்க என் வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாவிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். “சிரிச்சாலும் அண்டைக்கே பிள்ளைக்குள்ளை வருத்தம் இருந்திருக்கும். இறக்கியிருந்தால் தீவிலை ஒருதரும் மிஞ்சியிருக்கமாட்டினம்” என்றார். ஆக, நீங்கள் செய்தது சரி. பிழையாக இருந்திருந்தால் உங்களை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த நிம்மதியையும் நீங்கள் தரவில்லையே!

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு அம்மா ஆள் அனுப்பினா. இத்தனை வருடத்துக்குப் பிறகு வந்தேன். மன்னிப்புக் கேட்பீர்கள், மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். நீங்கள் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

“அந்த நாள் திரும்ப வந்தால் என்ன செய்வியள் அப்பு?”

கண்ணை மூடிக்கொண்டீர்கள். “தள்ளுவன்” என்றீர்கள். பிறகு, “அவளுக்கு என்ன பேர் வைச்சனீங்கள்?” என்று கேட்டீர்கள்.

நான் சொல்லவில்லை. நீங்கள் மறுபடி கேட்டீர்கள், வாய் கோணி, குரல் வராமல். உங்கள் வாயைத் துடைத்துவிட்டேன். பெயர் தெரியாமலே போனீர்கள். இப்போது மேலே எழுதியிருக்கிறேன். வாசிக்க நீங்கள் இல்லை.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் திவசம் ஒரு வருடமும் தவறாது. இன்னொன்றும் சொல்கிறேன்: மறுபிறப்பு என்று ஒன்று உண்டென்றால், எத்தனை பிறப்பானாலும் உங்களுக்கே மகளாகப் பிறந்து, பிள்ளையோடு அந்தக் கரைக்கே வள்ளம் விடுவேன். நீங்கள் தள்ளிக்கொண்டே இருங்கள். நான் வந்துகொண்டே இருப்பேன்.

உங்கள் ஒரே மகள்,
இராசம்மா